ஓர் அறிஞரின் வாழ்வில் எதை எழுதுவது?



மயிலாப்பூர்ப் பள்ளி மாணவி ஒருத்தி சென்ற மாதம் ஒரு தாளுடன் என்னிடம் வந்தாள். அவள் வகுப்பினர் அறிஞர் களஞ்சியம் ஒன்று தொகுக்கின்றனராம். அவள் பங்குக்கு வந்தவர் விண்ணியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். நூற்றைம்பது சொற்களுக்கு மேல் இடமில்லை. முதல் வரியில் நோபெல் பரிசு. இரண்டாம் வரியில் சர் சி. வி. இராமன் அவருடைய சிற்றப்பா என்ற செய்தி. மூன்றாம் வரியில் பிறந்த ஊர் மயிலாப்பூர்! எஞ்சியவை பட்டங்கள்.

மூன்றாம் வரியை உடனே அடித்தேன். அவர் 1910 அக்டோபர் 19 அன்று இலாகூரில் பிறந்தவர். தந்தையார் இரயில்வே கணக்குத் துறை அதிகாரி. 1918 இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் 'சந்திர விலாஸ்' அவர்கள் இல்லமாயிற்று. ஊர்ப்பற்று நல்லதே, அதற்காகப் பிறந்த ஊரை மாற்ற இயலுமா? இரண்டாம் வரியை அப்போதைக்கு விட்டுவைத்தேன்.

முதல் வரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. சந்திரசேகர் நோபெல் பரிசு பெற்றதோ 1983 இல். அந்நாளில் அவரைப் பற்றி எழுத அமர்ந்தவர் எதை எழுதுவார்? சிறுமி விழித்தாள். "அதைத்தான் நீ முதலில் எழுத வேண்டும்" என்றேன்.

1930 இல் மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறு மீனாக அமைதி பெறும் என்று அறிஞர் கருதிய காலம் அது. எல்லா விண்மீன்களும் அவ்வாறு அடங்கிவிட முடியாது என்பது அந்தப் பயணத்தில் அவர் போட்ட கணக்கில் தெரிந்தது. சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறையே அதற்கு எல்லை. அதற்கு மேற்பட்டது சுருங்கிக்கொண்டே போகும். இன்று அதற்குச் சந்திரசேகர் எல்லை என்று பெயர்.

1935 சனவரி 11 அன்று இலண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் என்னும் பேரறிஞர் இம்முடிவை அனைவர் முன்னிலும் எள்ளி நகையாடினார். "இந்தச் சண்டையை எழுதலாமா?" என்று கேட்டாள். எழுதத்தான் வேண்டும். ஓர் உண்மை ஏன் பல ஆண்டுகள் ஏற்கப்படாமல் கிடந்தது என்பதற்கு அதுவே விளக்கம். ஆனால் அதோடு நிறுத்தினால் எடிங்டனுக்கு அநீதி. இருவரும் நண்பர்களாகவே இருந்தனர். எடிங்டன் நூற்றாண்டையொட்டி 1982 இல் கேம்பிரிட்ஜில் அவரைப் போற்றிச் சொற்பொழிவாற்றியவர் இதே சந்திரசேகர்! பாதியை எழுதிவிட்டு மீதியை விழுங்குவது புறங்கூறலுக்கு நெருங்கிய உறவு.

தாயாரைப் பற்றி எழுதலாமா என்பதில் நானே தயங்கினேன். சீதாலட்சுமி அம்மையார் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கியவர். அரசுப் பதவியை விரும்பிய கணவருக்கு மாறாக, மகனின் அறிவியல் நாட்டத்துக்குத் துணை நின்றார். நோயுற்றிருந்த நிலையிலும் மகனை வழியனுப்பினார். 1931 இல் காலமானார். துணை நின்றதை எழுதச் சொன்னேன். மகனின் துயரத்தை அவருக்கே விட்டுவிடுவோம்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்: "அவர் கடவுளை நம்பாதவராமே. பாட்டி படிப்பார்களே, விட்டுவிடவா?"

இக்கேள்வி நம் வீடுகளுக்கு உரியது. அண்டம் விரிவடைவதை எடுத்துரைத்த இலமேத்தரைப் பற்றி எழுதும்போது, அவர் குருவானவர் என்பதை நாம் முதல் வரியிலேயே பெருமையோடு சேர்ப்போம். அவரும் கேம்பிரிட்ஜில் எடிங்டனிடம் பயின்றவரே. தம் விசுவாசத்தையும் ஆராய்ச்சியையும் கலக்காமல் காத்தவர். அவருக்கு ஒரு படி, இவருக்கு ஒரு படி என்று அளக்கலாமா? தாம் நாத்திகர் என்று சந்திரசேகரே கூறியிருக்கிறார். ஒரு வாக்கியம் போதும். வசை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பாட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

1936 இல் அவரை மணந்த இலலிதாவும் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் என்பதை அவளாகவே சேர்த்தாள். சொற்களை எண்ணினாள். ஆறு சொற்கள் மிகுதி. பேனாவைக் கடித்தபடி யோசித்தவள், சிற்றப்பாவை அடித்துவிட்டாள்.