இயற்கை மருந்து என்பதற்காகச் சலுகை வேண்டாம்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 2003-04 பருவத்தில் பறித்த ஆரஞ்சு 24 கோடிப் பெட்டிக்கும் மேல். ஒரு பெட்டி ஏறத்தாழ 41 கிலோ. 2024-25 பருவத்தில் அது 1.2 கோடிப் பெட்டியை ஒட்டி வந்து நின்றது. புயல்களுக்கும் வீட்டுமனை வியாபாரத்துக்கும் இந்தச் சரிவில் பங்கு உண்டு. ஆனால் முதல் குற்றவாளி, 2005இல் அங்கே கண்டறியப்பட்ட ‘சிட்ரஸ் கிரீனிங்’ என்ற பாக்டீரியா நோய். சைலிட் என்கிற சின்னஞ்சிறு பூச்சி தளிரில் சாறு உறிஞ்சும்போது கிருமியை மரத்துக்குள் இறக்கிவிடுகிறது. இலை தயாரித்த உணவை வேருக்கும் பழத்துக்கும் கொண்டுபோகும் ஃபுளோயம் குழாய்கள் பட்டைக்கு அடியில் இருக்கின்றன. கிருமி குடியேறுவது அங்கேதான். அந்தப் பாதை அடைபட்டதும் வேர் பட்டினி கிடக்கிறது. இலையின் ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் ஒத்துப்போகாமல் மஞ்சள் திட்டுகள் படர்கின்றன. பழம் கோணலாகி, அடிப்பாகம் பச்சையாகவே நின்று, கசந்து, பழுக்குமுன்னே உதிர்கிறது. நோய் பிடித்த மரத்தை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. 2025 ஜனவரியில், அந்த மாநிலத்தின் மிகப் பெரிய ஆரஞ்சுத் தோட்ட நிறுவனங்களில் ஒன்றான ஆலிகோ, சிட்ரஸ் சாகுபடியிலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது.

இப்படிப்பட்ட நோய்க்கு ஒரு பழமரத்திலிருந்தே மருந்து கிடைத்திருக்கிறது என்று செய்தி வந்தால் யாருக்கும் ஆசை பிறக்கத்தான் செய்யும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஹைலிங் ஜின் தலைமையிலான குழு 2020இல் அறிவித்து, 2021இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் மழைக்காடுகளில் விரல் எலுமிச்சை என்றொரு முள்மரம் உண்டு. விரல் நீளத்துக்குக் காய்க்கும். பிளந்தால் உள்ளே சாறு முத்துமுத்தாக இருக்கும். கிரீனிங் நோய் நடமாடும் இடத்தில் நட்டாலும் இந்த இனம் தாக்குப்பிடிக்கிறது என்பதை ஃப்ளோரிடாவில் ஆறு ஆண்டுகள் நடந்த வயல் சோதனை ஒன்று காட்டியிருந்தது. ஜின் குழுவினர் நோய்க்கு இரையாகும் மரங்களின் மரபணுக்களையும் தாங்கும் மரங்களின் மரபணுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வேறுபடும் இடத்தைத் தேடினார்கள். அகப்பட்டது 67 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதம். அது பாக்டீரியாவின் மேற்சவ்வைத் துளைத்து உள்ளே இருப்பதைக் கசியவிடுகிறது. கூடவே மரத்தின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்புகிறது. பசுமைக்குடில் சோதனைகளில் நோயுற்ற கன்றுகளில் கிருமியின் அளவு குறைந்தது. முன்கூட்டியே மருந்து கொடுத்த கன்றுகளில் தொற்றும் குறைவாக இருந்தது. வெயில் சூட்டில் சிதையாமல் நிற்கும் தன்மையும் அதற்கு உண்டு. புரதங்களில் இது எளிதில் கிடைக்காத குணம்.

இதைப் ‘பழச்சாறு வைத்தியம்’ என்று புரிந்துகொண்டால் கண்டுபிடிப்பின் சாரத்தையே தவறவிடுவோம். விரல் எலுமிச்சையைப் பிழிந்து ஆரஞ்சு மரத்தில் தெளித்து யாரும் எதையும் குணமாக்கவில்லை. அங்கே நடந்தது வேறு. ஒரு தாவரத்துக்குள் இருந்த ஆயிரக்கணக்கான பொருட்களில் வேலை செய்வது எது என்று பிரித்தெடுத்தார்கள்; அது கிருமியை எப்படிக் கொல்கிறது என்று பார்த்தார்கள்; எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். இந்த மருந்தை நம்புவதற்குக் காரணம் உண்டென்றால் அது இந்த அளவைதான். காட்டில் பிறந்தது என்பது அதன் ஊர் விலாசம், அவ்வளவே. வேம்பின் கதை நமக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசலை நம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியவர்கள். ஆனாலும் கொட்டைக்குக் கொட்டை, ஊருக்கு ஊர், சேமித்த மாதத்துக்கு ஏற்ப அதன் வீரியம் மாறும். கடையில் விற்கும் வேப்ப மருந்துக் குப்பியில் வேம்பில் வேலை செய்யும் பொருளான அசாடிராக்டின் 300 பிபிஎம், 1500 பிபிஎம், 10000 பிபிஎம் என்று அச்சிட்ட பிறகுதான் ஒரு தோட்டத்தில் கிடைத்த பலனை இன்னொரு தோட்டத்தில் எதிர்பார்க்க முடிந்தது. மூலிகைப் பூச்சிவிரட்டி என்ற பெயரில் சந்தைக்கு வரும் பல குப்பிகளில் இன்றும் அந்த எண் இல்லை. எண் இல்லாத குப்பியை ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லுக்காக வாங்கச் சொல்வது விவசாயிக்குச் செய்யும் உபகாரம் ஆகாது.

மனிதர் காலங்காலமாகத் தின்னும் பழத்திலிருந்து வந்தது, அதனால் ஆபத்தில்லை, சோதனை எதற்கு என்ற வாதமும் எழும். அதில் பாதி நியாயம் இருக்கிறது. புரதம் என்பதால் வயிற்றில் செரித்துப்போகும் என்று எதிர்பார்க்கலாம். ஆன்டிபயாடிக்குகளோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கொடுத்த மருந்து. அதை ஆரஞ்சுத் தோட்டத்தில் தெளிக்க அமெரிக்க அரசு அளித்த அனுமதியை 2023 டிசம்பரில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. இந்தியாவிலும் எலுமிச்சையின் சொறி நோய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடோடு ஸ்ட்ரெப்டோமைசின் கலந்து தெளிப்பது பழைய பரிந்துரை. பயிர்களில் அதன் பயன்பாட்டை நிறுத்த 2021 டிசம்பரில் மத்திய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. மனிதனுக்கான மருந்தை மரத்துக்குச் செலவிடாத வழி ஒன்று வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழத்துக்குள் இயல்பாக இருக்கும் துளி அளவு வேறு, ஆலையில் தயாரித்து மரம் மரமாக ஏற்றும் அளவு வேறு. மண்ணில் விழுந்தால் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு என்ன ஆகும், பூவுக்கு வரும் தேனீக்கு என்ன ஆகும் என்ற கேள்விகளைப் பழத்தின் பூர்வீகம் தீர்த்துவைக்காது.

அதைவிடக் கடினமான கேள்வி, மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருமா என்பது. ஃப்ளோரிடாவின் சமீபத்திய வரலாறு இதற்கு நல்ல சாட்சி. தோட்டங்கள் அழிகின்றனவே என்ற பதற்றத்தில் 2016இல் ஸ்ட்ரெப்டோமைசினையும் ஆக்ஸிடெட்ராசைக்ளினையும் தெளிக்க அவசர அனுமதி கொடுத்தார்கள். இலையின் மெழுகுத் தோலைத் தாண்டி ஃபுளோயத்துக்குள் போன மருந்தின் அளவு மிகச் சொற்பம், செலவுதான் ஏறியது. அதே ஆக்ஸிடெட்ராசைக்ளினை அடிமரத்தில் துளையிட்டுச் செலுத்த 2022இல் அனுமதி வந்த பிறகுதான் பல தோட்டங்களில் மரம் தேறி, பழம் உதிர்வது குறைந்தது. மருந்து மாறவில்லை, வழி மாறியது. அந்த வழிக்கும் விலை உண்டு: துளை மரத்துக்குக் காயம், கிருமி முற்றாக ஒழிவதில்லை, திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டும். எழுபதுகளில் தென்னாப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் டெட்ராசைக்ளின் ஊசி போட்டுப் பார்த்துக் கைவிட்டதற்கும் இவையே காரணம். ஆகவே கன்றில் வேலை செய்த புரதம், இருபது வயது மரத்தின் உச்சாணிக் கிளைவரையும் அடிவேர்வரையும் போய் வேலை செய்யும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ள முடியாது. பல பருவங்கள், பல மண்வகைகள், மருந்து கொடுக்காத மரங்களோடு ஒப்பீடு, கடைசியில் பழக்கூடையின் எடை ஆகியவற்றைக் காட்டித்தான் அது தன்னை நிரூபிக்க வேண்டும். விவசாயி கடனில் மூழ்கும்போது இத்தனை ஆண்டு காத்திருக்கச் சொல்வது கொடுமை என்பார்கள். அவசரப்பட்டுக் கொடுத்த 2016 அனுமதி அந்த விவசாயியின் பணத்தைத்தான் தின்றது என்பதே அதற்கு என் பதில்.

மருந்தே வேண்டாம், நோய் தாங்கும் ரகத்தை உருவாக்கினால் போதும் என்பவர்களும் உண்டு. நீண்ட காலத்துக்கு அவர்கள் சொல்வதுதான் சரி; விரல் எலுமிச்சையோடு ஒட்டுறவு கொண்ட கலப்பினங்களையும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் புது ரகம் காய்த்து, சுவை தேறி, சந்தையில் இடம்பிடிக்க ஒரு தலைமுறைக் காலம் ஆகலாம். அதுவரை நிற்கிற மரத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

இந்த நோய் ஃப்ளோரிடாவின் துயரம் மட்டும் அல்ல. இந்தியாவில் கிரீனிங் நோயை இனங்கண்டதும், சைலிட் பூச்சிதான் அதைப் பரப்புகிறது என்று நம் விஞ்ஞானிகள் நிறுவியதும் அறுபதுகளிலேயே நடந்தவை. கொடைக்கானலின் கீழ்மலைக் கமலா ஆரஞ்சுத் தோட்டங்கள் நலிந்துபோனதில் பல காரணங்களோடு இந்த நோய்க்கும் பங்கு உண்டு. விரல் எலுமிச்சைப் புரதத்தின் உரிமத்தை இன்வயோ சயின்சஸ் என்ற நிறுவனம் பெற்றிருக்கிறது. நாளை அது இங்கே வந்தால் என்ன விலைக்கு வரும் என்பது நியாயமான கவலை. வேம்பின் மீது ஐரோப்பாவில் வழங்கிய ஒரு காப்புரிமையை எதிர்த்து வழக்காடி, 2005இல் இறுதியாக ரத்து செய்ய வைத்ததில் பங்கு கொண்ட நாடு இது. ஆயினும் அடுத்தவரின் காப்புரிமையை எதிர்ப்பது மட்டும் போதாது. நம் காட்டில் இருப்பதை நாம் தேட வேண்டும். மேகாலயாவின் காரோ மலையில் நோக்ரெக் என்ற இடத்தில் சிட்ரஸ் மரபணுக் காப்பகம் ஒன்று இருக்கிறது. ‘சிட்ரஸ் இண்டிகா’ என்ற காட்டு ஆரஞ்சு இனம் அங்கே வளர்கிறது. ரிவர்சைடில் செய்த ஒப்பீட்டு ஆய்வை நாக்பூரிலுள்ள மத்திய சிட்ரஸ் ஆராய்ச்சி நிறுவனம் நம் காட்டு இனங்களில் விரிவாகச் செய்ய அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஒன்றும் அகப்படாமலே போகலாம். ஆனால் நோயே இல்லாத ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒரு மரத்துக்குள் அதற்கான மருந்து இருக்கும் என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்க முடியாது.

இந்தப் புரதமோ இதைப் போன்ற இன்னொன்றோ இந்தியாவுக்குச் சோதனைக்கு வரும்போது, நோய் முற்றிய பழைய தோட்டங்களில் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. நாற்றங்காலில் தொடங்க வேண்டும். கன்று சிறியது, மருந்து குறைவாகப் போதும், ஃபுளோயத்தில் சேர்ந்த அளவைச் சோதிப்பது எளிது; பசுமைக்குடிலில் கிடைத்த பலனுக்கு மிக நெருங்கிய சூழலும் அதுதான். நோயுள்ள தாய்மரத்திலிருந்து எடுத்த ஒட்டுகுச்சி வழியாகவும் கிரீனிங் மலையிலிருந்து மலைக்குப் பயணம் செய்கிறது. கிருமிப் பரிசோதனை செய்த தாய்மரங்களையும் வலைக்குடில் நாற்றங்கால்களையும் வைத்திருந்தால் புது மருந்துக்குச் சோதனைக்களம் தயாராக இருக்கும். மருந்து பொய்த்தாலும் விவசாயி கையில் நோயில்லாத கன்று மிஞ்சும்.