பைன் மரத்துக்குக் கீழே என்ன இருக்கு?

திண்டுக்கல் சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு 'அறிவியல் களப்பயணம்' என்று பேனர் கட்டிப் போகிற பள்ளிக்கூட பஸ்களில் அறிவியல் ஏறுவதே இல்லை. பேனரோடு வெளியிலேயே தொங்கிக்கொண்டு வருகிறது. இப்படிச் சொன்னால் ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். பெற்றோரிடம் அறிவியல் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு சுற்றுலா காட்டுவதைப் பற்றி யாராவது கோபப்படத்தான் வேண்டும்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டதால் இப்படி மூன்று பயணங்களில் நானும் போயிருக்கிறேன். மூன்றும் ஒரே அச்சு. விடியக்காலை நாலு மணிக்குப் புறப்பாடு. வத்தலக்குண்டில் டீ. மலை ஏறும்போது நாலு பேருக்கு வாந்தி. வெள்ளி நீர்வீழ்ச்சியில் பத்து நிமிஷம், தூண் பாறையில் பத்து நிமிஷம். 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு குணா குகை கட்டாயம். பைன் காட்டில் குரூப் போட்டோ. ஏரி, சாக்லேட், இறக்கம். மறுநாள் வகுப்பில் மழைக்காடு பற்றி ரெண்டு பக்கம் எழுதச் சொல்வார்கள். பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் அமேசானைப் பார்த்து எழுதுவார்கள். பின்னே, பார்க்காத காட்டைப் பற்றி வேறு எப்படி எழுதுவது?

முதல் விஷயம், அந்தப் பைன் காடு காடே இல்லை. அது தோட்டம். பழனி மலையின் உச்சியில் இயற்கையாக இருந்தது புல்வெளி. புல்வெளியின் மடிப்புகளில், ஓடை ஓடும் பள்ளங்களில், சோலை. சோலை என்பது குள்ளமான, அடர்ந்த, பாசி படர்ந்த பசுமைமாறாக் காடு. மழைக்காட்டின் மலை உச்சி உறவினர் என்று சொல்லலாம். வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகு நம் அரசாங்கத்தின் காலத்திலும் அந்தப் புல்வெளியை 'சும்மா கிடக்கிற தரிசு' என்று கணக்கெழுதி, ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸையும் வாட்டிலையும், மெக்சிகோவின் பைனையும் நட்டார்கள். நாம் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்தத் தோட்டத்தின் நடுவில் நிறுத்தி, "இயற்கையைப் பாருங்க" என்கிறோம்.

சரி, பைன் தோட்டத்துக்கே போங்கள். ஆனால் கீழே பாருங்கள். சுற்றுலாக்காரர்கள் மிதிக்கும் இடத்தில் தரை மொட்டை. அதே மலையில், ஆள் நடமாட்டம் குறைந்த பழைய பைன், வாட்டில் தோட்டங்களுக்கு அடியில் சோலை மரக்கன்றுகள் தானாக முளைத்து வருகின்றன. அந்நிய மரங்களை வெட்டிப் புல்வெளியை மீட்பதா, அவற்றின் நிழலிலேயே சோலை வளரட்டும் என்று விடுவதா? இது சூழலியலாளர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிற கேள்வி. வகுப்பறையில் கிடைக்காத சரக்கு இது. விடை தெரியாத ஒரு கேள்வியின் மேலேயே நின்றுகொண்டு, பிள்ளைகள் போட்டோவுக்குச் சிரிக்கிறார்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. வாட்டிலை ஏன் நட்டார்கள்? அதன் பட்டையில் டானின் இருக்கிறது. டானின் தோல் பதனிட உதவும். தோல் பதனிடுவதற்குப் பேர் போன ஊர் எது? எங்கள் ஊர். தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை திண்டுக்கல்லில் யாருக்கும் புதிதல்ல. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தபோது, பேர் சொன்ன மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. பின்னாளில் குரோமியம் வந்தது, தொழில்முறை மாறியது. ஆனாலும் ஒரே தொழில், மேலே ஒரு புல்வெளியையும் கீழே ஒரு கிணற்றையும் தொட்டிருக்கிறது. கொடைக்கானலில் ஆரம்பித்து திண்டுக்கல்லில் முடிகிற இந்தப் பாடத்துக்கு விமானம் ஏற வேண்டாம், வால்பாறை ரிசார்ட்டும் வேண்டாம்.

தண்ணீரும் அப்படித்தான். ஆத்தூர் காமராஜர் அணைக்குத் தண்ணீர் கீழ்ப்பழனி மலையிலிருந்து வருகிறது. அங்கிருந்து திண்டுக்கல் குழாய்களுக்கு. மழையைப் பிடித்து மெதுவாக விடுகிற வேலையை மலையில் செய்வது காடும் புல்லும். குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் சாலையில் குடத்தை வைத்து மறிக்கத் தெரிந்த ஊர் இது. அந்தத் தண்ணீர் எந்தக் காட்டு வழியாக வந்தது என்று பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குத் தெரியாது.

"சார், பிள்ளைங்க ஒருநாள் சந்தோஷமா இருக்கட்டுமே" என்பார்கள். தாராளமாக. சுற்றுலா நல்ல விஷயம், வருஷத்துக்கு ரெண்டு தடவை கூடப் போங்கள். அதற்கு அறிவியல் என்று பேர் வைக்காதீர்கள், அவ்வளவுதான். "காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனா யார் பொறுப்பு?" என்பது இரண்டாவது பதில். நியாயமான பயம். ஆனால் காட்டைப் படிக்க நடுக்காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வனத்துறையிடம் எழுதி அனுமதி வாங்கி, சாலையோரச் சோலை ஒன்றின் விளிம்பில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் போதும். குணா குகையின் கூட்டத்தில் ஒரு பிள்ளை தொலைந்துபோக இருக்கும் வாய்ப்பைவிட அங்கே ஆபத்து குறைவு.

போகிற வழியிலேயே செண்பகனூர் இருக்கிறது. 1895-லிருந்து சேசு சபையினர் சேர்த்த பூச்சிகளும் பறவைகளும் பாம்புகளும் அங்கே அருங்காட்சியகமாக இருக்கின்றன. நான் போன மூன்று பஸ்ஸும் அங்கே நிற்கவில்லை. திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய பாதிரியார் கே.எம். மாத்யூ இதே மலைகளில் நடந்து நடந்து செடி சேகரித்து, 1999-ல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் போட்டார். இப்படி ஒருவர் நம் பக்கத்தில் வேலை செய்தார் என்ற தகவலாவது ஒரு பிள்ளை காதில் விழ வேண்டாமா?

மூன்றாவது விஷயம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இந்தப் பயணங்களுக்குக் காசு கட்ட முடியாத பிள்ளை அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் இருக்கும். அறிவியல் பாடம் எல்லோருக்கும்தான். அதன் களம் மட்டும் காசு இருக்கிறவனுக்கு. ஆனால் நம் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தாலே சிறுமலை தெரிகிறது. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறினால் அடிவாரத்து முள்காடு மாறி, மரம் உயர்ந்து, காற்று குளிர்வதை ஒரே காலைக்குள் பார்க்கலாம். அங்கே மலைவாழை இருக்கிறது. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் அதை எப்படி அழித்தது என்று பாட்டன் வயதுள்ள விவசாயிகள் சொல்வார்கள். அது வைரஸ் பாடம். அந்தப் பக்கம் அய்யலூரைச் சுற்றிய காடுகள் 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயத்தின் பகுதியாயின. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று வந்த முதல் சரணாலயம். அது வறண்ட காடு, போட்டோவில் அழகாக விழாது. அதனால் யாரும் பஸ் விடுவதில்லை.

மழைக்காட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய மழைக்காட்டில் சோலைமந்தியும் இருவாச்சியும் வாழ்கின்றன. ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது அதைப் பார்க்க வேண்டும். ஆனால் சிறுமலையில் ஒரு சதுர மீட்டரை எண்ணத் தெரியாத பிள்ளைக்கு வால்பாறையும் இன்னொரு பைன் காடுதான்.

ஆகவே ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் கேட்பது இதுதான். எட்டு இடத்துக்குப் பதில் ஒரே இடம். நாலு குச்சி, ஒரு கயிறு, ஒரு நோட்டு. கயிறு கட்டிய சதுரத்துக்குள் எத்தனை வகைச் செடி, எத்தனை கன்று, எத்தனை பூச்சி என்று எண்ணட்டும். பேர் தெரியவில்லையா, படம் வரையட்டும். அடுத்த வருஷம் அடுத்த வகுப்பு அதே சதுரத்துக்குப் போய், பழைய நோட்டைத் திறந்து, எது போச்சு எது வந்தது என்று பார்க்கட்டும். முதல் பஸ் அரசுப் பள்ளிக்குப் போகட்டும்; செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்கலாம்.

படிக்கிற நீங்கள் கல்லூரியில் இருந்தால், அடுத்த டூருக்குப் பேர் கொடுக்கும் முன் பொறுப்பாசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "சார், அங்கே போய் நாம எதைக் கண்டுபிடிக்கப் போறோம்?" பதில் இல்லை என்றால் பேனரில் இருந்து 'அறிவியல்' என்ற வார்த்தையை எடுக்கச் சொல்லுங்கள்.