முகில் அன்று, பிறன் வீட்டுப் பரண்!



இற்றை எழுத்தாளன் வீட்டில் மேசைக்கணினியிலும், வழியில் மடிக்கணினியிலும், படுக்கையில் கைப்பேசியிலும் எழுதுகின்றான். ஓரிடத்தில் எழுதியது மற்றோரிடத்தில் தானே வந்து நிற்கின்றது. டிராப்பாக்சு 2008-இலும், ஆப்பிளின் ஐகிளவுடு 2011-இலும், கூகுள் டிரைவு 2012-இலும் இவ்வாய்ப்பைப் பொதுமக்கட்குத் திறந்துவிட்டன. வாய்ப்பு நன்றே, அதனை யாம் பழிக்கவில்லை. அதனையே காப்பென்று மயங்கி, வாழ்நாள் உழைப்பை முற்றும் அதன் கையில் ஒப்படைத்துவிட்டு உறங்கும் மடமையையே கடிகின்றோம்.

முதற்கண் பெயரைப் பாருங்கள். முகிலாம்! எவர்க்கும் பொதுவாய்ப் பொழிவதன்றோ முகில்? இவர்கள் காட்டும் முகிலோ எங்கோ ஒரு பூட்டிய கட்டடத்துள் மின்னை விழுங்கிக்கொண்டிருக்கும் பிறன் கணினி. அதனைப் பிறன் வீட்டுப் பரண் என்று அழைத்துப் பாருங்கள். உங்கள் கையெழுத்துப் படிகளின் ஒரே கட்டை அங்கு ஏற்றிவைப்பீரா?

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. கைப்பேசியில் ஓர் இயலைத் தவறி அழித்தால், அவ்வழிவையும் ஒத்திசைவு எல்லாக் கருவிகட்கும் உண்மையாய்க் கொண்டுசேர்க்கும். கூகுள் டிரைவின் குப்பைக்கூடை 30 நாள்தான் காத்திருக்கும். இசுகிரிவனர் போன்ற எழுதுமென்பொருளில் ஒரு நூல் என்பது ஒற்றைக் கோப்பன்று. சிறு கோப்புகள் பலவற்றின் தொகுதி. ஒரு கணினியில் அதனை மூடாமலும், ஒத்திசைவு முடியுமுன்னும் மற்றொன்றில் திறந்து எழுதினால் தொகுதி முரண்பட்டுச் சிதையும். கூகுள் ஆவணமோ இன்னும் கொடிது. உங்கள் கணினியில் கோப்பெனத் தோன்றுவது வெறும் சுட்டியே. எழுத்து முழுதும் அவர்களிடத்தே உளது.

அங்ஙனம் உள்ளதற்கு உறுதி யாது? 2017 அக்குதோபர் 31 அன்று, மென்பொருட் பிழையொன்றால், குற்றமற்ற ஆவணங்கள் பல விதிமீறியவை எனப்பட்டு உரியவர்க்கே பூட்டப்பட்டன. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணினிச் செயலி வழி ஒத்திசைத்தோர் சிலருடைய கோப்புகள் காணாமற்போயின. இரண்டாண்டு பயன்படுத்தப்படாத தனியாள் கணக்கை அதன் உள்ளீட்டோடு அழிக்கலாம் என்றும் அந்நிறுவனம் 2023-இல் அறிவித்தது. எண்ணிப் பாருங்கள்! முப்பதாண்டு சொல் தொகுத்த அறிஞரொருவர் மறைகின்றார். கடவுச்சொல்லை வீட்டார் அறியார். இரண்டாண்டு கழிகின்றது, அகரமுதலி அழிகின்றது. எரித்தவன் எவனுமில்லை, அழுவாரும் அறியார்.

"வீட்டுக் கணினி மட்டும் பழுதாகாதா?" என்பர் சிலர். ஆகும். அதனாலன்றோ ஒற்றைப் படியை நம்பாதீர் என்கின்றோம்! ஓலையும் செல்லரிக்கும், ஆயினும் பழந்தமிழ் நூல்கள் எஞ்சின. என்னை? நம் முன்னோர் படியெடுத்துப் படியெடுத்து ஊர்தோறும் வைத்தனர். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. வேறிடத்தில் படியுள்ளவற்றை மீட்டல் கூடிற்று. அங்கு மட்டுமே இருந்தவை மீளவேயில்லை. அப்பெரும்புண் தந்த பாடத்தை நாம் மறக்கலாகுமா?

ஆகலின் செய்வன இவை. எழுதும் நூலுக்கு மூன்று படிகளேனும் வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று புறவட்டில், ஒன்று வேற்றூர் நண்பர் வீட்டில். கிழமைதோறும் நாளிட்டுப் புதுப்படி எடுங்கள். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். ஒருங்குறியிலேயே எழுதுங்கள், பழைய எழுத்துருக் கோப்புகள் கைப்பேசியில் உரோம எழுத்துக் குப்பையாய்த் தோன்றுவதை அறியாதார் யார்? ஒரு கருவியில் மூடி, ஒத்திசைவு முடிந்தபின்னரே மற்றொன்றில் திறவுங்கள். இடையாள் வைப்பகமின்றிக் கருவிகளை நேரே ஒத்திசைக்கும் சிங்க்திங்கு என்னும் கட்டற்ற மென்பொருள் 2013 முதல் உளது. இயன்றோர் அதனைக் கைக்கொள்க. கடவுச்சொல்லை நம்பத்தக்க ஒருவரிடம் முத்திரையிட்டு ஒப்படையுங்கள்.

முகில் ஏவலனாய் இருக்கட்டும், தலைவனாக வேண்டா. தமிழெழுத்தின் திறவுகோல் தமிழன் கையில் இருத்தல் வேண்டும். இன்றே ஒரு படி எடுங்கள்!