தோள் வலித்தால் வில்லை மாற்றலாமா? அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் கிராஸ்போ சண்டை

அக்டோபர் மாதத்து விடியற்காலை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு ஓக் மரம். தரையிலிருந்து பதினைந்து அடி உயரத்தில், அடிமரத்தோடு சேர்த்துக் கட்டிய சின்னப் பரண். அதில் 62 வயதுக்காரர் ஒருவர் இருட்டு பிரிவதற்கு முன்பிருந்தே அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருபது கெஜத்தில் ஒரு வெள்ளைவால் மான் வந்து நிற்கிறது. கையில் வில் இருக்கிறது, அம்பு இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது. நாணைத்தான் இழுக்க முடியவில்லை. போன வருடம் ஆபரேஷன் செய்த தோள் பாதி இழுவையிலேயே மக்கர் பண்ணுகிறது. அந்தச் சின்னத் தடுமாற்றம் போதும். மான் வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒரே ஓட்டம்.

இனி அவருக்கு இரண்டே வழிகள். வேட்டையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம். அல்லது காம்பவுண்ட் வில்லை விற்றுவிட்டு கிராஸ்போ வாங்கலாம். இரண்டாவது வழிக்குப் போனால், இத்தனை வருடம் கூடவே காட்டுக்கு வந்த நண்பர்களில் சிலரே "அது வில்லே இல்லைப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும். அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே பல வருடங்களாக நடக்கும் சண்டை இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடினால் ஜெயில்தான். அமெரிக்காவில் நிலைமை வேறு. 1900-ம் ஆண்டுவாக்கில் சில லட்சங்களாகச் சுருங்கிப்போயிருந்த வெள்ளைவால் மான்கள், இன்று சுமார் மூன்று கோடி என்று கணக்கிடப்படுகிறது. ஓநாயும் பூமாவும் பெரும்பாலான பகுதிகளில் ஒழிந்துபோனதால் மான்களைக் கட்டுக்குள் வைப்பது வேட்டைக்காரர்களின் வேலையாகிவிட்டது. காரில் மான் மோதும் விபத்துகள் மட்டும் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். அதனால் சீசன் வைத்து, லைசென்ஸ் கொடுத்து, அரசே வேட்டைக்கு அனுப்புகிறது. அந்த இறைச்சியை விற்க முடியாது. வீட்டு ஃப்ரீசருக்குப் போகும், இல்லையென்றால் பசித்தவர்களுக்கான உணவு வங்கிக்குப் போகும்.

சரி, இந்த இரண்டு வில்லுக்கும் என்னதான் வித்தியாசம்?

காம்பவுண்ட் வில் என்பது நம் கண்ணுக்குப் பழகிய வில்லின் இரு முனைகளிலும் கப்பி மாட்டியது. மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் கண்டுபிடித்து, 1969-ல் காப்புரிமை பெற்றார். இதன் சூட்சுமம் அந்தக் கப்பியில் இருக்கிறது. 60 பவுண்டு வில் என்றால், நாணை இழுக்கும்போது நடுவழியில் 60 பவுண்டு பாரத்தையும் தோள் தாங்கியாக வேண்டும். ஆனால் முழுவதும் இழுத்து முடித்ததும் கப்பி திரும்பிக்கொண்டு பாரத்தில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். 80 சதவிகிதத்தை அது வாங்கிக்கொண்டால், விரலில் நிற்பது 12 பவுண்டுதான். நிதானமாகக் குறி பார்க்கலாம்.

கிராஸ்போவில் அந்த 12 பவுண்டும் கிடையாது. துப்பாக்கிக் கட்டைபோன்ற ஒன்றின் முனையில் வில்லைப் படுக்கவைத்துப் பொருத்தியிருப்பார்கள். நாணைத் தரையிலேயே இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால், அதுபாட்டுக்கு அப்படியே நிற்கும். பிறகு ஸ்கோப் வழியாகப் பார்த்து விசையை அழுத்தினால் போதும்.

கிராஸ்போவின் பலம் 150, 200 பவுண்டு என்று கடையில் எழுதியிருப்பதைப் பார்த்து, இது மூன்று மடங்கு பயங்கரமான ஆயுதம் என்று நினைத்துவிட வேண்டாம். காம்பவுண்ட் வில்லின் நாண் இருபது அங்குலம்போல அம்பைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கிராஸ்போவின் நாண் ஓடுவது பெரும்பாலும் 12 முதல் 15 அங்குலம்தான். ஓடும் தூரம் குறைந்தால், அதை ஈடுகட்ட இழுவிசையைக் கூட்டித்தானே ஆக வேண்டும்? இன்றைய கிராஸ்போக்கள் வேகத்தில் முந்துவது உண்மைதான். காம்பவுண்ட் வில்லின் அம்பு நொடிக்கு 300 அடி போகிறது என்றால், கிராஸ்போவில் 400 அடி போகும்.

இந்த 100 அடி வித்தியாசம் எதற்கு உதவும் என்பதை மானின் காதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி ஓடும். மான் 30 கெஜத்தில், அதாவது 90 அடியில் நிற்கிறது. நாண் விடுபட்ட சத்தம் 0.08 நொடியில் அதன் காதை எட்டிவிடும். காம்பவுண்ட் அம்பு போய்ச் சேர 0.3 நொடி. கிராஸ்போ அம்புக்கு 0.23 நொடி. சத்தம் கேட்ட மான் பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அந்தச் சில அங்குலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் பாயும். மான் உடனே சாகாது. காயத்தோடு காட்டுக்குள் போய் எங்கோ விழும், ஆளுக்கும் கிடைக்காது. நல்ல வேட்டைக்காரர் எவரும் பயப்படுவது இதற்குத்தான். கிராஸ்போ அந்த இடைவெளியைக் குறைக்கிறதே தவிர, இல்லாமல் செய்துவிடவில்லை. போதாக்குறைக்கு, பெரும்பாலும் அதன் சத்தம்தான் அதிகம்.

அப்படியானால் எதிர்ப்பு எதற்கு?

வேகத்துக்காக இல்லை. நாணை இழுக்கும் அந்த இரண்டு நொடிக்காக. மான் இருபது கெஜத்தில் நிற்கும்போது அதன் கண்ணில் படாமல் கையைத் தூக்கி, நாணைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துவதுதான் வில் வேட்டையிலேயே கடினமான வேலை. பெரும்பாலான வாய்ப்புகள் அங்கேதான் கைநழுவும். அதற்காகத்தான் ஜூன், ஜூலையிலிருந்தே தினமும் சாயங்காலம் கொல்லைப்புறத்தில் பயிற்சி செய்கிறார்கள். கிராஸ்போக்காரருக்கு அந்த இரண்டு நொடி கிடையாது. மாதக்கணக்கில் தோள் நோகப் பழகியவரும், போன வாரம் கடையில் வாங்கிவந்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பதுதான் கோபம்.

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விஸ்கான்சினில் துப்பாக்கி சீசன் வெறும் ஒன்பது நாள். வில் சீசனோ செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை நீளும். 'வில் கஷ்டமானது, மான் குறைவாகத்தான் விழும்' என்பதால் கிடைத்த சலுகை அது. சுலபமான ஆயுதத்தை உள்ளே விட்டால் சலுகைக்கே அர்த்தம் போய்விடும் என்கிறார்கள்.

இந்த வாதம் புதிதும் அல்ல. 1139-ல் ரோமில் கூடிய திருச்சபை மாநாடு, கிறிஸ்தவர்கள்மீது கிராஸ்போவைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. கவசம் பூண்டு, சிறுவயதிலிருந்தே போர் பழகிய வீரனைச் சில நாள் பயிற்சி பெற்ற ஒரு சாதாரண ஆள் வீழ்த்திவிடலாம் என்பது அன்றைய பிரபுக்களுக்குக் கசந்தது. தடையை யார் மதித்தார்கள்? இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டே 1199-ல் கிராஸ்போ அம்பு பட்ட காயத்தால்தான் இறந்தார்.

அமெரிக்க வில் வேட்டைக்காரர்களின் பெருமிதத்துக்கு வேறொரு வேர் இருக்கிறது. 1911-ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே, பசியில் வாடிய ஒரு பூர்வகுடி மனிதர் தனியாக வந்து நின்றார். யாஹி இனத்தில் கடைசியாக மிஞ்சியவர். அவரை இஷி என்று அழைத்தார்கள். இஷி என்றால் அவர் மொழியில் 'மனிதன்'. தன் சொந்தப் பெயரை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் அவருக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1916-ல் இஷி காசநோயில் இறந்தார். போப்பும் அவருடைய நண்பர் ஆர்தர் யங்கும் அந்தக் கலையை வெள்ளை அமெரிக்கர்களிடையே பரப்பினார்கள். விஸ்கான்சின் 1934-ல் மானுக்கென்று வில் சீசனையே தொடங்கியது. இருவரின் பெயரில் 1961-ல் உருவான போப் அண்ட் யங் கிளப்தான் இன்றும் வில்லால் வீழ்த்திய மான்களின் சாதனைப் பட்டியலை வைத்திருக்கிறது. கிராஸ்போவால் வீழ்த்தியதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஆலனின் காம்பவுண்ட் வில் வந்த புதிதில் அதையும் 'கப்பி மாட்டிய மெஷின்' என்று பழைய ஆட்கள் கேலி செய்தார்கள். கப்பி 65 சதவிகிதத்துக்கு மேல் பாரத்தைக் குறைத்தால் ஏற்க மாட்டோம் என்று இதே கிளப் பல காலம் விதி வைத்திருந்தது. இன்று அந்தக் காம்பவுண்ட் வில்தான் 'அசல் வில்'. இஷி பார்த்திருந்தால் இரண்டையுமே புரட்டிப் புரட்டிப் பார்த்திருப்பார்!

மாநில அரசுகளுக்கு இந்தக் கௌரவப் பிரச்னையைவிடக் கணக்குப் பிரச்னை பெரிது. வேட்டைக்காரர்களுக்கு வயதாகிறது. இளைஞர்கள் அந்த அளவுக்கு வருவதில்லை. லைசென்ஸ் பணமும், 1937-ல் கொண்டுவந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டாவுக்குப் போடும் வரியும்தான் வன உயிரினத் துறைகளின் முக்கிய வருமானம். 1972-ல் அந்த வரியில் வில்லும் அம்பும் சேர்ந்தன. தோள் வலித்து ஒருவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், காட்டைக் காக்கும் பணத்திலும் ஒரு பங்கு குறைகிறது. ஒஹாயோ 1970-களிலேயே கதவைத் திறந்துவிட்டது. அங்கே மான்கள் தீர்ந்துபோய்விடவில்லை. பென்சில்வேனியா, மிச்சிகன் 2009-ல் வந்தன. விஸ்கான்சினில் முன்பு 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும்தான் கிராஸ்போ. 2014-ல் எல்லோருக்கும் தனி சீசனே வந்தது. சில வருடங்களிலேயே அங்கு மற்ற வில்லால் விழும் மான்களைவிட, கிராஸ்போவால் விழும் மான்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. ஆரிகன் மட்டும் இன்றும் வேட்டைக்கு கிராஸ்போவே கூடாது என்கிறது.

நம் 62 வயதுக்காரர் 2013-ல் தோள் ஆபரேஷன் செய்திருந்தால், 65 ஆகும்வரை மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால், 'இவருக்கு முடியவில்லை' என்று டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். முப்பது வருடம் வில் பிடித்தவருக்கு அந்தக் காகிதம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், சட்டம் மாறியது நல்லதுதான்.

ஆனால், மாறுகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்கோப், விசை, கட்டை எல்லாம் இருப்பதால் கையில் இருப்பது துப்பாக்கி என்றே தோன்றிவிடுகிறது. 80 கெஜத்தில் நிற்கும் மானுக்கும் விசையை அழுத்தத் தூண்டும். அம்பு தோட்டா அல்ல. வேகம் எவ்வளவு இருந்தாலும், தூரம் கூடக்கூடச் சரசரவென்று கீழே இறங்கும். மானின் காதும் அங்கேயேதான் இருக்கிறது. அனுபவசாலிகள் பலர் 30, 40 கெஜத்துக்கு மேல் எய்வதில்லை. இரண்டாவது அம்புக்கும் சட்டென்று வாய்ப்பில்லை. மறுபடி நாண் ஏற்ற எழுந்து, முன்வளையத்தில் காலை வைத்துக் குனிய வேண்டும். கயிறும் கொக்கியும் வைத்து இழுத்தால் பாரம் பாதியாகும். 175 பவுண்டுக்குப் பாதி என்றாலும் 87 பவுண்டு. தோள் சரியில்லாதவர் சுழற்றி ஏற்றும் கைப்பிடி உள்ளதை வாங்குவதே புத்திசாலித்தனம்.

விரலுக்கும் ஆபத்து உண்டு. நாண் ஓடும் தடத்துக்கு மேலே கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தால் நறுக்கிவிடும். தாங்கிப் பிடிக்கும் கை எப்போதும் தடத்துக்குக் கீழேதான். வில்லின் கைகள் பக்கவாட்டில் விரிவதால், பரணின் கம்பியிலோ மரத்திலோ இடிக்காமல் இடம் பார்த்து உட்கார வேண்டும். அம்பில்லாமல் விசையை அழுத்தவே கூடாது, வில்லே உடைந்துபோகும். அம்பு மாட்டிய கிராஸ்போவோடு மரம் ஏறுவதும் கூடாது. ஆள் முதலில் உடம்பு முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வாரைத் தரையிலிருந்தே மரத்தோடு மாட்டிக்கொண்டு ஏறி, பிறகு கயிற்றில் கட்டி மேலே இழுக்க வேண்டும்.

மான் வராத நாள்கள்தான் அதிகம். அந்தி சாய்ந்ததும் காம்பவுண்ட்காரர் அம்பைத் தூணியில் செருகிவிட்டு இறங்கிப் போய்விடுவார். கிராஸ்போக்காரருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. பல கிராஸ்போக்களில், ஏற்றிய நாணைக் கையால் மெல்லத் தளர்த்த முடியாது. அதற்கென்றே ஒரு பழைய அம்பை வைத்திருப்பார். அம்பை எடுத்துவிட்டு வில்லைக் கயிற்றில் கீழே இறக்கி, தானும் இறங்கி, அந்தப் பழைய அம்பை மாட்டி, காலுக்குச் சற்றுத் தள்ளி மிருதுவான மண்ணில் எய்துவிட்டு, அதைப் பிடுங்கி மண்ணைத் துடைத்துக்கொண்டே கார் நிற்கும் இடத்துக்கு நடப்பார்.