90,000 விசா சரி, நீட்டிப்பு எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 அக்டோபரில் ஜெர்மனியின் அன்றைய சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் டெல்லி வந்தபோது, திறன்பெற்ற இந்தியர்களுக்கான விசா ஆண்டுக்கு 20,000-இலிருந்து 90,000 ஆக உயர்த்தப்படும் என்று அறிவித்தார்கள். அதிலிருந்து ஜெர்மனி நமக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று தமிழ்ப் பத்திரிகைகளில் கட்டுரைக்கு மேல் கட்டுரை வருகிறது. அவற்றில் எழுதியது எதுவும் பொய்யில்லை. ஆனால் வந்து சேர்ந்தவரின் விசா முடியும் நேரத்தில் இங்கே என்ன நடக்கிறது என்று ஒருவரும் எழுதுவதில்லை. அந்தக் கட்டுரைகளை நம்பி ஊரில் நகையை அடகு வைத்து ஜெர்மன் வகுப்பில் சேர்கிறார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் தென் ஜெர்மனியில் ஒரு நகரத்தில் இயந்திர வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். இங்கே முதல் விசாவைத் தூதரகம் தருகிறது. அதற்குப் பிறகு தங்கும் அனுமதி, அதன் நீட்டிப்பு எல்லாமே அந்தந்த நகராட்சி அல்லது மாவட்டத்தின் வெளிநாட்டினர் அலுவலகத்தின் கையில். சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்று. நடைமுறையோ ஊருக்கு ஊர் வேறு. ஒரு ஊரில் இணையத்தில் விண்ணப்பித்த கையோடு ஒப்புகை வந்துவிடும். பக்கத்து ஊரில் மின்னஞ்சலுக்குப் பதிலே வராது, தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது, இணையத்தில் டெர்மின் (நேர முன்பதிவு) பக்கத்தைத் திறந்தால் காலி இடமே இருக்காது. தமிழர்கள் இரண்டு பேர் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் "டெர்மின் கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொள்ளும் நிலைமை.

டெர்மின் கிடைக்காதவர்கள்தான் விடியுமுன்னே அலுவலக வாசலில் போய் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் அதை நானே நின்று பார்த்தேன். பனிக்காலம். கதவு திறக்க மணிக்கணக்கில் இருக்கும்போதே வரிசை தெருமுனையைத் திரும்பிவிட்டது. மடக்கு நாற்காலியோடு வந்தவர்கள், குழந்தையைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டிருந்தவர்கள், கோப்பு நனையாமலிருக்கக் கோட்டுக்குள் செருகி வைத்திருந்த மாணவர்கள். முன்னால் நின்ற ஒரு பெரியவர் அட்டையொன்றில் வந்தவர்களின் பெயரை வரிசைப்படி எழுதிக்கொண்டிருந்தார். அலுவலகம் செய்ய வேண்டிய வேலை அது. திறந்த சிறிது நேரத்தில் காவலாளி வெளியே வந்து, இன்றைக்கு எண்கள் தீர்ந்துவிட்டன என்று சொல்லிக் கையை விரித்தார். அவர் மீது குற்றமில்லை. நின்றவர்கள் சத்தம்கூடப் போடவில்லை. தகராறு செய்தால் விண்ணப்பத்துக்குப் பாதகம் வருமோ என்ற பயம்.

எனக்குப் பக்கத்தில் நின்ற தஞ்சாவூர்ப் பெண் முதியோர் இல்லத்தில் செவிலியர். அவருடைய தங்கும் அனுமதி அட்டை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டிப்புக்கு எப்போதோ விண்ணப்பித்துவிட்டார். ஆனாலும் கையில் தாள் இல்லாமல் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்களாம். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு அபராதம் உண்டு, அவர்கள் பயம் அவர்களுக்கு. முதியவர்களைக் கவனிக்க ஆள் இல்லை என்று கடல் கடந்து கூப்பிட்டு வந்தவரைச் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைத்தால், அந்த இல்லத்தில் படுக்கையில் இருப்பவர்களை யார் பார்ப்பது?

இதில் கொடுமை என்னவென்றால், சட்டம் அந்தப் பெண்ணின் பக்கம்தான் இருக்கிறது. ஜெர்மனியின் வசிப்பிடச் சட்டம் 81-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு தெளிவாகவே சொல்கிறது: அனுமதி முடிவதற்கு முன்னால் நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கொள்ள வேண்டும். வேலை செய்யும் உரிமையும் அதோடு தொடரும். ஆனால் உரிமை இருந்தால் போதாது, அதைக் காட்ட ஒரு சான்று வேண்டும். ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்றுக்குக் கட்டணம் 13 யூரோ. அதை வாங்குவதற்கும் அதே அலுவலகம், அதே வரிசை. சட்டம் கொடுத்த உரிமையை அலுவலகத்தின் தாமதம் பறித்துக்கொள்கிறது. என் எதிர்ப்பு முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான்.

என் நண்பர் ஒருவரின் தந்தை திருநெல்வேலியில் இறந்தபோது அவருடைய அட்டை காலாவதியாகி, சான்றும் வராத நிலை. ஊருக்குப் போகலாம். திரும்பி வரும்போது விமானத்தில் ஏற்றுவார்களா, எல்லையில் விடுவார்களா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. வேலையையும் இங்கே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் நினைத்து அவர் போகவில்லை. தலைமகன் இங்கே வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருக்க, தம்பி கொள்ளி வைத்தார். இந்த இழப்பை எந்த அலுவலகம் ஈடுகட்டும்?

காரணங்கள் இல்லாமல் இல்லை. 2022-க்குப் பிறகு உக்ரைனிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அனுமதிகளின் வகைகள் பெருகின. 2024 ஜூனில் புதிய குடியுரிமைச் சட்டம் வந்து, 8 ஆண்டு 5 ஆண்டாகக் குறைந்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. சட்டம் இயற்றுவது பெர்லின், ஆள் போட வேண்டியது நகராட்சி. நகராட்சியோ ஆள் கிடைக்கவில்லை என்கிறது. உள்ளே இருக்கும் ஊழியர்களும் திணறுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் 90,000 என்று அறிவித்தவர்களுக்கு இது முன்பே தெரியும். 80-களில் அகதியாக வந்து இப்போது எங்கள் ஊரில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் என்னிடம் சொன்னார்: தாங்களும் இப்படித்தான் நின்றார்களாம், ஆனால் தங்களை யாரும் அழைத்து வரவில்லையாம்.

வழி இருக்கிறது என்பதையும் ஜெர்மனியே காட்டியிருக்கிறது. 2024 பிப்ரவரி 1 அன்று செல்லுபடியாக இருந்த உக்ரைனியர்களின் தற்காலிகப் பாதுகாப்பு அனுமதிகள், ஒருவரும் அலுவலகப் படி ஏறாமல், ஒரே ஆணையால் 2025 மார்ச் 4 வரை நீட்டிக்கப்பட்டன. போரில் வீடிழந்தவர்களுக்கு அது செய்ய வேண்டிய உதவி. அவர்களுக்கு முடிந்தது, வேலையில் இருந்து வரி கட்டி, குற்றம் குறை இல்லாதவர்களுக்கு முடியாதா? குறைந்தபட்சம், விண்ணப்பம் வந்து சேர்ந்ததும் கணினி தானாக அனுப்பும் ஒப்புகையை முதலாளியும் எல்லைக் காவலரும் ஏற்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஒரு விதி செய்யலாம். கைரேகையும் அட்டையும் பிறகு வரட்டும்.

மூன்று மாதம் ஆகியும் முடிவு வராவிட்டால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று சட்டம் படித்தவர்கள் சொல்கிறார்கள். முதல் வேலையில் இருக்கும் இளைஞனோ, ஆண்டுக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் (முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கில்) காட்டிவிட்டு வந்த மாணவியோ வக்கீலுக்கு எங்கே போவார்கள்? தன் தலைவிதியை எழுதும் அலுவலகத்தின் மீதே வழக்குப் போட எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? இந்தப் பயத்தை நம்பித்தான், இலவசமாகக் கிடைக்க வேண்டிய டெர்மினைக் காசுக்கு வாங்கித் தருகிறோம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள்.

நம் அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2022 டிசம்பர் 5 அன்று டெல்லியில் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் அன்றைய ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் அன்னலேனா பேர்பாக்கும் குடிபெயர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி இரு தரப்பும் உட்காரும்போது புதிதாக எத்தனை பேரை அனுப்புவது என்பதோடு, போனவர்களின் நீட்டிப்பு எத்தனை மாதத்தில் முடியும் என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். பெர்லின் தூதரகமும் ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களும் இந்தப் புகார்களை ஊர்வாரியாகப் பதிவு செய்யத் தொடங்கட்டும். கையில் கணக்கு இருந்தால்தான் பேச்சுவார்த்தையில் வாய் திறக்க முடியும்.

புறப்படத் தயாராக இருப்பவர்களுக்கு ஒன்று: டெர்மின் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். அட்டை முடிவதற்கு மாதங்கள் முன்பே விண்ணப்பத்தை அனுப்பி, அனுப்பிய தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் பார்ப்பது விண்ணப்பித்த நாளைத்தான்.

அடுத்த முறை ஜெர்மனியிலிருந்து ஒரு அமைச்சரோ, ஆள் எடுக்கும் நிறுவனமோ சென்னைக்கு வந்தால், நீட்டிப்புக்கு உங்கள் நகரத்தில் எத்தனை மாதம் ஆகிறது என்று உங்கள் நிருபர் கேட்க வேண்டும். கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தென் ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகர்