தீவுக்குப் போனால் தட்டுதான் கழுவ வேண்டுமா?

பெர்லினில் வேலை என்றால் வீட்டில் இனிப்பு வாங்குகிறார்கள். டப்ளின் என்றால் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். கேனரி தீவுகளுக்குப் போகிறேன் என்று ஒரு பொறியாளரோ ஆய்வாளரோ சொன்னால் மட்டும், "அது டூர் போற இடமாச்சே, அங்க என்ன வேலை இருக்கு?" என்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முழு வாதமே ஒளிந்திருக்கிறது. தீவில் சுற்றுலாவைத் தவிர ஒன்றும் கிடையாது. ஸ்பானிஷ் தெரியாவிட்டால் வாய் திறக்க முடியாது. நம் பட்டம் அங்கே செல்லாது. கூடப் போகிற மனைவியோ கணவனோ வீட்டோடு முடங்க வேண்டியதுதான். லேப்டாப்பில் பழைய வேலையையே தொடர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஹோட்டலில் தட்டுக் கழுவ வேண்டும். இதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அது எந்தப் பங்கு என்பதில்தான் எல்லோரும் தவறிப் போகிறார்கள்.

சுற்றுலாவிலிருந்து தொடங்கலாம். ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே, ஸ்பெயினின் ஆட்சியில், மக்கள் வசிக்கும் எட்டுத் தீவுகள் இவை. மக்கள்தொகை சுமார் 22 லட்சம். ஆண்டுக்கு வருகிற பயணிகளோ ஒன்றரைக் கோடிக்கும் மேல். பொருளாதாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்களால் ஓடுகிறது. ஒரு வாரம் தங்கிவிட்டு வருகிறவர், ஹோட்டலையும் கடற்கரையையும் தவிர அங்கே வேறெதுவும் இல்லை என்றுதான் சொல்வார். மலை மேல் இரவில் யார் வேலை செய்கிறார்கள் என்று அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

லா பால்மா தீவில் ரோக்கே தெ லோஸ் முச்சாச்சோஸ் என்று ஒரு சிகரம், 2,400 மீட்டருக்கும் சற்று அதிக உயரம். வியாபாரக் காற்றும் அதன்மேல் படிந்த வெப்பக் காற்றடுக்கும் சேர்ந்து மேகங்களைச் சிகரத்துக்குக் கீழேயே நிறுத்திவிடுகின்றன. மேலே வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். 1979இல் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் தங்கள் தொலைநோக்கிகளை இங்கே கொண்டுவரத் தொடங்கின. இங்கிலாந்தின் மழையில் நின்றுகொண்டிருந்த ஐசக் நியூட்டன் தொலைநோக்கியைப் பெயர்த்தெடுத்து வந்து இங்கே நட்டார்கள். 36 அறுகோண ஆடிகளைச் சேர்த்து 10.4 மீட்டர் அகலத்துக்கு அமைத்த கிரான் தெலெஸ்கோப்பியோ கனாரியாஸ் 2009இல் திறக்கப்பட்டது. ஒளியியல் தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது என்ற பெயர் அதற்கு. தெருவிளக்கு வெளிச்சம் வானத்தைக் கெடுக்கக் கூடாது என்று 1988இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தீவான டெனரீஃபில் தெய்தே வானாய்வகம் இருக்கிறது. இரண்டையும் நடத்தும் கேனரி வானியற்பியல் கழகத்தின் தலைமையகமும் அதே தீவில், லா லகூனா நகரத்தில்தான்.

இதெல்லாம் வானியல் முனைவர்களுக்கு மட்டுமான வேலை என்று நினைத்தால் அதுவும் தப்பு. விண்மீனைப் பார்க்கிறவர் ஒருவர் என்றால் கருவியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பலர். ஆடிகளுக்கு அவ்வப்போது அலுமினியப் பூச்சு புதுப்பிக்க வேண்டும். உணரிகளை உறைகுளிரில் வைத்திருக்க வேண்டும். பல டன் எடையுள்ள இரும்புக் கட்டுமானத்தை முடியளவு பிசகாமல் திருப்பும் மென்பொருளை எழுத வேண்டும். இயந்திரவியல், மின்னணுவியல், ஒளியியல், கணினி என்று நம் ஊர்க் கல்லூரிகள் ஆண்டுதோறும் பட்டம் கொடுத்து அனுப்புகிற துறைகள்தான் இவை. கொடைக்கானலில் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனை ஆராய்கிறார்கள், காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அங்கே பழகிய கைகளுக்கு டெனரீஃபின் சூரியத் தொலைநோக்கிகள் அந்நியமாக இருக்காது. இந்தியா பத்து சதவீதப் பங்காளியாக இருக்கும் முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்துக்கு ஹவாய் மலையில் எதிர்ப்பு வந்தபோது, மாற்று இடமாகத் தேர்வானது இதே லா பால்மாதான். அதைத் தன் பக்கம் இழுக்க 40 கோடி யூரோ வரை தருவதாக 2025இல் ஸ்பெயின் அறிவித்தது. வெறும் சுற்றுலாத் தீவைப் பற்றிய பேச்சா இது?

கடல் பக்கம் வந்தாலும் இதே கதைதான். லாஸ் பால்மாஸ் நகரின் லா லூஸ் துறைமுகத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல்களும் எண்ணெய் தோண்டும் மேடைகளும் பழுது பார்க்க வந்து நிற்கின்றன. அந்த நகரம் இருக்கும் கிரான் கனாரியா தீவுக்கு அருகே கடலில் ஓர் ஆய்வு மேடை கட்டி, அலையிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் கருவிகளைச் சோதிக்கிறார்கள். எல் இயெர்ரோ என்ற குட்டித் தீவு 2014இலிருந்து காற்றாலைகளையும் மலைமேல் நீர்த்தேக்கத்தையும் இணைத்து மின்சாரம் எடுக்கிறது. கிரான் கனாரியாவின் மாஸ்பலோமாஸில் நாசா 1960களில் அமைத்த விண்வெளித் தொடர்பு நிலையத்தை இன்று ஸ்பெயினே நடத்துகிறது. 2021இல் லா பால்மாவில் எரிமலை வெடித்து மூன்று மாதம் ஓயாமல் கக்கியபோது நிலநடுக்கவியலாளர்களும் வேதியியலாளர்களும் அங்கேயே கூடாரமடித்தார்கள். தீவாக இருப்பதால்தான் இந்த வேலைகள் அங்கே இருக்கின்றன. பெர்லினில் எரிமலைக்கு எங்கே போவது?

தீவு ஒரு முட்டுச் சந்து, போனவர் மறக்கப்படுவார் என்பது இன்னொரு பழைய பயம். வொல்ஃப்காங் கோலர் என்ற இளம் ஜெர்மானிய உளவியலாளர் 1913 இறுதியில் மனிதக் குரங்குகளை ஆராய டெனரீஃப் போனார். முதல் உலகப்போர் வெடித்ததால் ஊர் திரும்ப வழியில்லாமல் 1920 வரை அங்கேயே கிடந்தார். பெட்டியை அடுக்கியும் குச்சியோடு குச்சியைச் செருகியும் சிம்பன்சிகள் பழத்தை எட்டிப் பிடித்ததை அவர் எழுதிய நூல் 1917இல் வந்தது. பெர்லின் பல்கலைக்கழகத்தின் உளவியல் கழகம் சில ஆண்டுகளில் அவரைத் தலைவராக அழைத்துக்கொண்டது. போர்ச்சுகீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகோ 1993இல் லிஸ்பனை விட்டு லான்சரோட்டே தீவுக்குக் குடிபோகும்போது வயது எழுபது. நோபல் 1998இல் வந்தது. கோலரும் சரமாகோவும் மேதைகள், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பொருந்த வேண்டாம். இடம் ஆளை விழுங்கிவிடும் என்ற பேச்சு பொய் என்று காட்ட இரண்டு பேர் போதும்.

இனி மொழி. வானாய்வகங்களில் ஆங்கிலமே புழக்க மொழி. பன்னாட்டு மென்பொருள் குழுக்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வங்கி, வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம் எல்லாம் ஸ்பானிஷில்தான். ஆங்கிலத்தை வைத்தே ஓட்டிவிடலாம் என்று சொல்கிற கூட்டமும் இருக்கிறது, அவர்களையும் நம்பாதீர்கள். அலுவலகத்தில் ஆங்கிலம் கைகொடுக்கும். பதவி உயர்வுக்கும் அடுத்த வேலைக்கும் உள்ளூர் மொழி வேண்டும். நமக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு: ஸ்பானிஷின் உயிரெழுத்துகள் ஐந்து, எழுதியதை எழுதியபடியே படிக்கலாம். பெயர்ச்சொல்லுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் உண்டு என்பதுதான் தலைவலி. மயோர்கா போன்ற ஸ்பெயினின் மத்தியதரைக்கடல் தீவுகளில் காத்தலானும் ஆட்சிமொழி என்பதால் சுமை இரட்டிப்பாகும். கேனரியில் அந்தத் தொல்லை இல்லை.

பட்டம் செல்லாது என்ற வாதத்தில்தான் நான் முன்பு சொன்ன உண்மைப் பங்கு இருக்கிறது. ஸ்பெயினில் தொழில்கள் இரண்டு வகை. மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர், கட்டடக்கலைஞர், கட்டுமானப் பொறியாளர், பள்ளி ஆசிரியர் போன்றவை சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டவை. இவற்றுக்கு மத்திய அமைச்சகம் பட்டத்தை ஆராய்ந்து அங்கீகரிக்க வேண்டும். 'ஓமோலோகாசியோன்' என்று அதைச் சொல்வார்கள். ஆறு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2022இல் அரசாணை போட்டார்கள். நடப்பில் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. முடிவு வரும்போதும் முழு அங்கீகாரம் தராமல், இன்னின்ன பாடங்களில் தேர்வெழுதி வா என்று திருப்பலாம். மருத்துவத் துறையினரிடம் மொழிச் சான்றும் கேட்பார்கள், பொதுவாக பி2 நிலை. அரசு மருத்துவமனையின் நிரந்தரப் பணிக்குக் குடியுரிமை விதி வேறு குறுக்கே நிற்கும். குடியுரிமைக்கு நம்மைப் போன்றவர்கள் பத்தாண்டு அங்கே வசித்திருக்க வேண்டும். லத்தீன் அமெரிக்கர்களுக்கு இரண்டே ஆண்டு. செவிலியராகவோ மருத்துவராகவோ இருப்பவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் விமானம் ஏறினால், தட்டுக் கழுவும் கதை அவர்கள் விஷயத்தில் சில காலத்துக்கு நிஜமாகவே ஆகலாம்.

ஆனால் இது தீவின் குற்றமா? மாட்ரிட்டுக்குப் போனாலும் இதே அமைச்சகம், இதே வரிசை, இதே காத்திருப்பு. சொல்லப்போனால், தேர்வெழுதி வா என்று திருப்பினால் அதற்கும் தீவை விட்டுப் போக வேண்டாம். லா லகூனா பல்கலைக்கழகத்திலும் லாஸ் பால்மாஸ் பல்கலைக்கழகத்திலும் மருத்துவமும் செவிலியமும் இருக்கின்றன. இன்னொரு வகைத் தொழில்களுக்கு இந்த முத்திரையே தேவையில்லை. மென்பொருள், தரவு அறிவியல், வடிவமைப்பு, பெரும்பாலான ஆய்வுப் பணிகள் இதில் சேரும். நிறுவனம் உங்களை விரும்பினால் போதும். ஒரு செவிலியருக்கு நேர்ந்ததைக் கேட்டுவிட்டு மென்பொருள்காரர் பயப்படுவதும், மென்பொருள்காரர் சுலபமாகப் போனதைப் பார்த்துச் செவிலியர் துணிவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

கூடப் போகிறவர் பற்றிய வாதம் பெரும்பாலும் பெண்களை நோக்கியே வைக்கப்படுகிறது. "அவருக்கு வேலை கிடைச்சிருச்சு, நீ வேலைய விட்டுட்டுக் கிளம்பு" என்கிற வீடுகள் நிறைய. விசா வகையைப் பார்க்காமல் இதைச் சொல்லக் கூடாது. 2013ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டப்படி உயர்தகுதிப் பணியாளர், ஆய்வாளர் என்ற பிரிவுகளில் அனுமதி வாங்கினால், உடன் வரும் கணவனோ மனைவியோ சம்பளத்துக்கும் போகலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். முடிவு சொல்ல அரசுக்கு 20 வேலை நாள்தான் அவகாசம். வழக்கமான குடும்ப இணைப்பு வழியில் போவது நீளும்: முதலில் போனவர் அங்கே ஓராண்டாவது வசித்து, அனுமதியைப் புதுப்பித்த பிறகே குடும்பத்தை அழைக்க முடியும். எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். ஒரு மின்னஞ்சலில் தெரிந்துவிடும் விஷயம் இது. அதைக் கேட்காமல் ஒரு பெண்ணின் பத்தாண்டு உழைப்பைத் துறக்கச் சொல்வது அக்கிரமம்.

லேப்டாப் வாதம் வேறு மாதிரி. தொலைப்பணியாளர்களுக்கென்று 2022ஆம் ஆண்டின் 28ஆம் எண் சட்டம் தனி விசா கொண்டுவந்தது. கேனரியின் கடிகாரம் லண்டனோடு ஒத்துப்போவதால் அது தோதான இடம் என்று விளம்பரமும் நடக்கிறது. விளம்பரத்தில் வராதது வருமான நிபந்தனை: ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல இரு மடங்கு, 2025 நிலவரப்படி மாதம் ஏறத்தாழ 2,760 யூரோ. சென்னைச் சம்பளத்தில் இதைத் தாண்டுகிறவர்கள் எத்தனை பேர்? தாண்டினாலும், தனித்தொழில் செய்கிறவரின் வருமானத்தில் இருபது சதவீதத்துக்கு மேல் ஸ்பானிய நிறுவனங்களிடமிருந்து வரக் கூடாது. தீவில் இருந்துகொண்டே தீவின் தொழில் உலகத்துக்கு வெளியே நிற்பதுதான் இதன் பொருள். என்னைக் கேட்டால், தொழிலைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இருக்கிற வழிகளில் இதுதான் பலவீனமானது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினுக்குள்ளேயே சம்பளம் குறைந்த வட்டாரங்களில் கேனரியும் ஒன்று. வேலையின்மையும் அங்கே அதிகம். விடுமுறைக் குடில்களால் வீட்டு வாடகை ஏறிப்போய், 2024 ஏப்ரலில் உள்ளூர் மக்களே ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து போராடினார்கள். ஜெர்மனிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பணம்தான் முதல் குறி என்றால் கேனரி வேண்டாம். ஆனால் பணம் குறைவது வேறு, தொழில் அழிவது வேறு.

ஆகவே, போக வாய்ப்பு வந்தவர்கள் உறவினர்களிடம் கருத்துக் கேட்பதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் தொழிலுக்கு முத்திரை தேவையா என்று ஸ்பானிய அமைச்சகத்தின் பட்டியலில் பாருங்கள். தேவையென்றால் இங்கிருக்கும்போதே சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் வாங்கி, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷில் பெயர்த்து, விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். அந்த வரிசையில் சென்னையிலிருந்தும் நிற்கலாம். ஸ்பானிஷ் வகுப்பில் இந்த மாதமே சேருங்கள்.