கார்ல பாசி படிஞ்சா முதல்ல பர்ஸைத் திறக்காதீங்க

கார் லோன் பற்றிப் பேசும்போதெல்லாம் வட்டி, டவுன் பேமென்ட், இன்சூரன்ஸ்னுதான் பேசுறோம். வாங்கின காரை எங்கே நிறுத்தப் போறீங்கன்னு யாரும் கேக்கறதில்லை. நான் கேக்கறேன். ஏன்னா சேலத்துல ஏற்காடு அடிவாரத்துப் பக்கம், அப்பா அம்மா இருக்கற வீட்டு வாசல்ல காரை விட்டுட்டு பெங்களூர்லயோ சென்னையிலயோ வேலை பார்க்கறவங்க நிறைய பேர். மாசத்துக்கு ரெண்டு தடவை வந்தா அதிகம். ஐப்பசி மழை முழுக்க நனைஞ்ச காரை கார்த்திகை தீபத்துக்கு வந்து பார்த்தா, கண்ணாடி ஓர ரப்பர்ல, நம்பர் பிளேட் இடுக்குல, வைப்பர் அடியில எல்லாம் பச்சையா படிஞ்சிருக்கும்.

பார்த்ததும் மனசு பதறும். ஏழு லட்சம் கடன் வாங்கின கார் ஆச்சே! உடனே போனைப் போட்டா, "டீட்டெய்லிங், கோட்டிங் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் இருக்கு சார், மூணு மாச ஈஎம்ஐயா கட்டிக்கலாம்"னு சொல்வாங்க. நானும் ஒரு தடவை 6,500 ரூபாய் கட்டியிருக்கேன். பொங்கலுக்கு வந்தப்ப அதே ரப்பர்ல அதே பச்சை. ஆடிட்டர் கையெழுத்து போடற கைதான், அன்னிக்கு யோசிக்காம ஸ்வைப் பண்ணிடுச்சு.

அதனால என் கருத்தை நேரடியா சொல்லிடறேன். இந்தப் பச்சைக்கு நீங்க செலவு பண்ண வேண்டியது ஒரு ஞாயித்துக்கிழமை காலை. பணத்தைப் பத்தி யோசிக்க வேண்டிய இடம் வேற, அதுக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல அது என்னன்னு பார்ப்போம். வெளியில படியற பச்சை பெரும்பாலும் பாசி. கிணத்துப் படியிலயும் மொட்டை மாடியிலயும் வருமே, அதோட சொந்தக்காரன். அதுக்கு வேண்டியது ஈரம், கொஞ்சம் வெளிச்சம், உக்கார ஒரு பிடிமானம். மழமழன்னு இருக்கற பெயின்ட் மேல அது சுலபமா நிக்காது. தூசி, இலைத்தூள், மகரந்தம் சேர்ந்து ஊறிக் கிடக்கற ரப்பர் இடுக்குதான் அதுக்கு வீடு. கோட்டிங் போடறது பெயின்ட் மேல, பாசி வளர்றது ரப்பர்ல. என் 6,500 ரூபாய் ஏன் வீணாச்சுன்னு இப்பப் புரியுதா?

வடக்குப் பார்த்த பக்கம் ஏன் அதிகமா படியுதுன்னு சிலர் கேப்பாங்க. வடகிழக்குப் பருவமழை நாள்ல சூரியன் தெற்குப் பக்கமா சாய்ஞ்சு போகும். வடக்குப் பக்கம் காயவே காயாது. வாசல்ல ஒரு புளியமரமோ மாமரமோ இருந்துட்டா கேக்கவே வேண்டாம்.

சுத்தம் பண்ண எனக்கு 450 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. கார் ஷாம்பு, ரெண்டு மைக்ரோஃபைபர் துணி, பழைய டூத் பிரஷ், ஒரு பாட்டில் வெள்ளை வினிகர். காரை நிழல்ல நிறுத்தி நிறைய தண்ணி ஊத்தி மண்ணை முதல்ல இறக்கிடுங்க. மண்ணோட தேய்ச்சா பெயின்ட்ல கீறல் விழும், அதுதான் நிஜமான நஷ்டம். அப்புறம் ஷாம்புத் தண்ணியில பிரஷை நனைச்சு ரப்பர் இடுக்குல பொறுமையா தேய்ங்க. அப்படியும் போகாத இடத்துக்கு மட்டும் வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து தடவி, அஞ்சு நிமிஷம் விட்டு நல்லா அலசிடுங்க. பெயின்ட் மேல அதைக் காய விடாதீங்க.

பாத்ரூம் பாசிக்கு ஊத்தற ஆசிட், பிளீச்சிங் பவுடர் ரெண்டும் கார் பக்கமே வரக்கூடாது. ரப்பர் வெடிக்கும், உலோகம் அரிக்கும். பிளீச்சிங்கையும் வினிகரையும் கலந்தா குளோரின் வாயு வரும், மூச்சே திணறிடும். பிரஷர் வாஷ் அடிக்கறவங்க குழாயை ரப்பருக்கு ரொம்பக் கிட்ட கொண்டு போகாம பார்த்துக்கங்க. விளிம்பு தூக்கிடுச்சுன்னா அடுத்த மழைக்கு தண்ணி உள்ளே.

நிறைய பேர் விடற இடம் ஒண்ணு இருக்கு. பானெட்டைத் தூக்கினா முன்கண்ணாடிக்குக் கீழே தண்ணி வடியற பள்ளம் தெரியும். அதுல மட்கின இலை அடைச்சிருந்தா தண்ணி தேங்கி காருக்குள்ளேயே இறங்கலாம். கதவோட அடி விளிம்புலயும் சின்னச் சின்ன வடிகால் துளை இருக்கும், ஒரு குச்சியால குத்தி விடுங்க. உள்ளே தண்ணி போச்சுன்னா வர்றது பாசி இல்ல, பூஞ்சை. மேட்டைத் தூக்கிப் பாருங்க, கார்ப்பெட் ஈரமா இருந்தா கதவைத் திறந்து போட்டு ஒரு நாள் முழுக்க வெயில்ல காய விடணும். அந்த நாத்தத்தோட விக்கப் போனா, வெள்ளத்துல மூழ்கின காரோன்னு வாங்கறவருக்கு சந்தேகம் வரும். ஒரு தடவை சந்தேகம் வந்துட்டா அவர் குறைக்கற விலை பத்தாயிரத்தோட நிக்காது.

பாசி திரும்ப வராம இருக்க, மழை மாசத்துல வெயில் படற இடத்துலயும், பங்குனி சித்திரையில நிழல்லயும் நிறுத்துங்க. நம்ம ஆளுங்க சரியா இதைத் தலைகீழா பண்ணுவாங்க. காத்து போகாத பிளாஸ்டிக் கவரை ஈரக் கார் மேல போத்தறது பாசிக்கு நாமளே கூடாரம் கட்டிக் கொடுக்கற மாதிரி. அதுக்கு மூணு பக்கம் திறந்த ஒரு தகரக் கூரை எவ்வளவோ மேல்.

காசு போடணும்னா வைப்பர் பிளேடுல போடுங்க. பச்சை படிஞ்ச, காய்ஞ்சு போன பிளேடு கண்ணாடியில தண்ணியைத் துடைக்காது, இழுவும். அடிவாரத்துல இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. மூடுபனியில எதிர்ல பஸ் இறங்கும்போதுதான் அது தெரிய வரும்.

இப்ப பணத்துக்கு வர்றேன். பாசி, பூஞ்சை, துரு எதுக்கும் மோட்டார் இன்சூரன்ஸ் காசு தராது. நாள்பட்ட தேய்மானம் பாலிசியில இல்லை. விபத்துல ரப்பர், பிளாஸ்டிக் பாகம் போனாலும் ஜீரோ டிப்ரிசியேஷன் எடுக்காதவங்களுக்கு பாதி விலைதான் கிளைம்ல வரும். காரோட ஐடிவி எப்படிக் குறையுதுன்னு பாருங்க: முதல் ஆறு மாசத்துக்கு 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள்ள 15, அஞ்சாவது வருஷம் 50. நீங்க ஓட்டினாலும் சரி, ஓட்டாம பாசி வளர்த்தாலும் சரி, இந்தக் குறைவு ஒண்ணுதான். சொந்த உபயோகத்துக் காரை நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தை வருமான வரியிலயும் காட்ட முடியாது.

ஏழு லட்சம், 9 சதவீதம், ஏழு வருஷம்னா மாசம் சுமார் 11,260 ரூபாய் ஈஎம்ஐ. இன்சூரன்ஸுக்கு மாசம் 1,500, சர்வீஸுக்கு 1,000 வச்சா 13,760. மாசத்துக்கு நாலு நாள்தான் ஓட்டறீங்கன்னா, பெட்ரோல் போடறதுக்கு முன்னாடியே ஒரு நாளைக்கு 3,440 ரூபாய். உங்க ஊர் டாக்ஸி ஸ்டாண்டுல ஒரு நாள் வாடகை கேட்டுட்டு வந்து இந்த நம்பரைப் பாருங்க. 6,500 பெரிய விஷயமா, இது பெரிய விஷயமா?

எங்க வீட்ல இந்தக் கணக்கைப் போட்ட அன்னிக்கு அப்பா ஒண்ணு சொன்னார்: "ராத்திரி நெஞ்சு வலின்னா டாக்ஸிக்கு எங்கடா போறது?" அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. வயசானவங்க இருக்கற வீட்ல, சும்மா நிக்கற காரும் ஒரு வகை இன்சூரன்ஸ்தான். ஆனா பிரீமியம் எவ்வளவுன்னு தெரிஞ்சு கட்டுங்க. ராத்திரி அதை ஓட்ட யார் இருக்காங்கன்னும் பார்த்து வச்சுக்கங்க.

நாங்க காரை வச்சுக்கிட்டோம். மழை நாலு மாசம், வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்துத் தெருவுல இருக்கற டிரைவர் அண்ணன் வந்து அரை மணி நேரம் ஓட்டிட்டு, இலையைத் தட்டி, ரப்பரைத் துடைச்சுட்டுப் போறார். இன்ஜினை ஆன் பண்ணி வாசல்லயே உறும விடறது போதாது, பிரேக்கும் டயரும் பேட்டரியும் ரோட்ல ஓடணும். தடவைக்கு 300 ரூபாய், நாலு மாசத்துக்கு சுமார் 5,100. நீங்களும் இப்படி ஏற்பாடு பண்ணா, சாவியைக் கொடுக்கறதுக்கு முன்னாடி அவரோட லைசென்ஸ் காலாவதி ஆகாம இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. அது இல்லாம இடிச்சா கிளைம் நிக்காது.